கல்லைப் புரட்டிப் பாருங்கள்: நீர் பற்றிய வாசகர் கேள்விகள்

ஓடும் நீரின் நலத்தை ஒருநாள் எடுத்த ஒரு பாட்டில் தண்ணீரைக் கொண்டு முடிவு செய்துவிட முடியாது, ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போய்ப் பார்ப்பவர்களுக்கே அது பிடிபடும் என்று சென்ற இதழில் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு மதுரையிலிருந்தும் சுற்றுவட்டாரத்து ஊர்களிலிருந்தும் பலர் கடிதம் எழுதியிருக்கிறார்கள். ஒரே பொருளைக் கேட்ட கடிதங்களை ஒன்றாக்கி, பெயர்களை விடுத்து, ஊரை மட்டும் குறித்து இங்கே பதில் தருகிறேன்.

கேள்வி: அழகர்மலை அடிவாரத்தில் ஓர் அரசுப் பள்ளியில் அறிவியல் ஆசிரியையாக இருக்கிறேன். மழைக்காலத்தில் மலையிலிருந்து இறங்கும் ஓடை ஒன்று எங்கள் பள்ளிக்குப் பின்னால் ஓடி, ஊரைக் கடந்து, கண்மாயில் விழுகிறது. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளைக் கொண்டு அதன் தண்ணீரைக் கவனித்துவர விரும்புகிறேன். பள்ளியில் இருக்கும் ஒரே நுண்ணோக்கியும் பழுதாகிக் கிடக்கிறது. கருவி எதுவும் இல்லாமல் என்ன செய்ய முடியும்?
– ஆசிரியை, அழகர்கோவில் அருகிலிருந்து

பதில்: தாங்கள் நினைப்பதைவிட நிறையவே செய்யலாம். மாவு சலிக்கும் சல்லடை ஒன்று, வெள்ளை நிற பிளாஸ்டிக் பேசின் ஒன்று, தேக்கரண்டி, தண்ணீரில் வைக்கும் தெர்மாமீட்டர், அமில காரத் தன்மையைக் காட்டும் பி.எச். தாள், கெட்டி அட்டை போட்ட நோட்டு ஆகியவை இருந்தால் வேலையைத் தொடங்கிவிடலாம்.

முதலில் மூன்று இடங்களைத் தேர்ந்துகொள்ளுங்கள். ஒன்று, ஊருக்கு மேலே, வீடுகளும் வயல்களும் தொடங்குவதற்கு முன்னால். இரண்டாவது, ஊர்ச் சாக்கடைகள் எல்லாம் ஓடையில் வந்து சேர்ந்த பிறகு. மூன்றாவது, கண்மாய்க்குள் விழுவதற்குச் சற்று முன்னால். இந்த ஒப்பீடுதான் உயிர். கீழே எடுத்த அளவை மட்டும் தனியாக வைத்துக்கொண்டு எதையும் நிறுவ முடியாது. மேலே இருந்தது கீழே இல்லை என்று காட்டும்போதுதான் இடையில் என்ன நடந்தது என்ற கேள்வி பிறக்கிறது.

இனிச் செய்ய வேண்டியது கல்லைப் புரட்டுவது. ஒரு பிள்ளை நீரோட்டத்தின் கீழ்ப்புறம் சல்லடையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். இன்னொரு பிள்ளை மேல்புறம் உள்ளங்கை அளவுள்ள கல்லை எடுத்து, அடிப்பக்கத்தை விரலால் மெல்லத் தேய்த்து, வருவதைச் சல்லடைக்குள் விட வேண்டும். அதைப் பேசினில் உள்ள தெளிந்த நீரில் கவிழ்த்துவிட்டு இரண்டு நிமிடம் அசையாமல் பாருங்கள். முதலில் வெறும் மண்ணும் சருகுமாகத்தான் தெரியும். பிறகு சருகு நகரத் தொடங்கும்.

கடந்த மார்கழியில் சிலம்பாற்றின் மேல்பகுதியில் நான் புரட்டிய ஒரு கல்லின் அடியில், அரிசியில் பாதி நீளம்கூட இல்லாத தட்டையான பூச்சி ஒன்று, வெளிச்சம் பட்டதும் கல்லின் மறுபக்கத்துக்கு ஓடி ஒட்டிக்கொண்டது. பின்னால் நூல் போன்ற மூன்று வால்கள். வயிற்றின் இரு பக்கமும் இலை இலையாகச் செவுள்கள். அந்தச் செவுள்கள் நடுங்கிக்கொண்டே இருந்தன. மேஃப்ளை என்ற பூச்சியின் இளம் பருவம் அது. அதன் பக்கத்திலேயே மணல் துகள்களைப் பசை வைத்து ஒட்டியது போன்ற ஒரு சிறு குழாய். சற்றுப் பொறுத்திருந்தபோது குழாய்க்குள்ளிருந்து ஒரு தலையும் ஆறு கால்களும் வெளியே வந்தன. அது கேடிஸ் என்னும் பூச்சியின் புழு தனக்கென்று கட்டிக்கொண்ட வீடு. இந்த இரண்டும் ஓர் ஓடையில் வகை வகையாக இருந்தால் அங்கே ஆக்சிஜன் நிறைந்த, வண்டல் மூடாத நீர் ஓடிக்கொண்டிருக்கிறது என்று நம்பிக்கையோடு சொல்லலாம். வெளியில் திறந்து கிடக்கும் செவுள்களால் மூச்சு விடும் உயிர், சேறும் சாக்கடையும் கலந்த நீரில் தாக்குப்பிடிக்காது. பாட்டிலில் பிடித்த நீர் அந்த நிமிடத்தைத்தான் காட்டும். இந்தப் பூச்சிகளோ வாரக்கணக்கில், சில மாதக்கணக்கில் அதே இடத்தில் கிடப்பவை. பத்து நாளைக்கு முன் யாராவது எதையாவது கொட்டியிருந்தாலும் அவற்றின் இல்லாமையே அதைக் காட்டிக்கொடுக்கும்.

ஊருக்குக் கீழே வந்தால் காட்சி மாறும். கறுப்புச் சேற்றில் இரத்தச் சிவப்பான புழுக்கள் நெளியும்; கடிக்காத ஒரு வகைக் கொசுவின் புழுக்கள் அவை. நம் இரத்தத்தில் உள்ள அதே வகை நிறமி அவற்றிடமும் இருப்பதால் ஆக்சிஜன் மிகக் குறைந்த நீரிலும் பிழைத்துக்கொள்கின்றன. அலங்கார மீன் கடைகளில் தீனியாக விற்கும் நூல் போன்ற புழுக்கள், தலையைச் சேற்றில் புதைத்து வாலை மட்டும் ஆட்டிக்கொண்டிருக்கும். எண்ணிக்கையில் இவை ஆயிரக்கணக்கில் இருக்கும். வகையிலோ இரண்டு மூன்றுதான். எனவே எத்தனை பூச்சி என்று எண்ணுவதைவிட எத்தனை வகை என்று எண்ணச் சொல்லுங்கள். மேஃப்ளை, கேடிஸ் போன்ற நுட்பமான உயிர்களுக்கு அதிக மதிப்பெண், தட்டானின் நீர்வாழ் பருவம், நத்தை போன்றவற்றுக்கு நடுத்தர மதிப்பெண், சிவப்புப் புழுவுக்கும் நூல்புழுவுக்கும் 2, 1 என்று கொடுத்துச் சராசரி காணும் முறை உலகம் முழுவதும் உண்டு. நம் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் இந்திய ஆறுகளுக்கென்று இத்தகைய முறை ஒன்றை வகுத்திருக்கிறது.

ஓர் எச்சரிக்கை. நம் பகுதி ஓடைகள் ஆண்டில் பாதி நாள் வறண்டு கிடப்பவை. ஐப்பசியில் முதல் வெள்ளம் வந்த வாரத்தில் போய்ப் பார்த்துவிட்டு, பூச்சியே இல்லை, ஓடை கெட்டுவிட்டது என்று எழுதிவிடக் கூடாது. காய்ந்த படுகையில் உயிர்கள் மறுபடி குடியேற நான்கைந்து வாரமாவது ஆகும். கார்த்திகைக் கடைசியிலிருந்து தை முடிய, மாதம் இரண்டு முறை போவது போதும். அதேபோல, கல்பூச்சி என்று சொல்லத்தக்க இரட்டை வால் பூச்சி ஒன்று உண்டு. மேகமலை போன்ற உயரமான, குளிர்ந்த ஓடைகளில்தான் அதை எதிர்பார்க்க வேண்டும். சமவெளியில் அது இல்லாததை மாசுக்குச் சான்றாகக் கொள்ளக் கூடாது.

பார்த்து முடித்ததும் உயிர்களை ஓடையிலேயே விட்டுவிட்டு, கல்லை எடுத்தபடியே திருப்பி வைக்கப் பிள்ளைகளுக்குப் பழக்குங்கள். சாக்கடை விழும் வாயருகே எந்தப் பிள்ளையையும் இறக்க வேண்டாம். அங்கே தாங்கள் கரையில் நின்று பார்த்து எழுதினால் போதும். காலில் புண் உள்ள பிள்ளைக்கு நோட்டு எழுதும் வேலையைக் கொடுங்கள்.

கேள்வி: எங்கள் வீட்டு ஆழ்துளைக் கிணற்றுக்கும் கழிவுநீர் ஓடும் வாய்க்காலுக்கும் இடையே நாற்பது அடி தூரம்தான். மகன் வாங்கி வந்த டி.டி.எஸ். மீட்டர் 430 காட்டுகிறது. 500க்குள் இருந்தால் தாராளமாகக் குடிக்கலாம் என்கிறான். என் மாமியாரோ தண்ணீரில் வாடை இருக்கிறது என்று வாயில் வைக்க மறுக்கிறார். யார் சொல்வது சரி?
– இல்லத்தரசி, வில்லாபுரம்

பதில்: உங்கள் மாமியார் சொல்வதைக் கேளுங்கள். அந்த மீட்டர் தண்ணீருக்குள் சிறிதளவு மின்சாரத்தைச் செலுத்தி, அது எவ்வளவு எளிதாகப் பாய்கிறது என்பதிலிருந்து கரைந்துள்ள உப்பின் அளவைக் கணக்கிடுகிறது. உப்பைத் தவிர வேறெதுவும் அதன் கண்ணில் படாது. மலக்கிருமி, பூச்சிக்கொல்லி, எண்ணெய் எதுவாக இருந்தாலும் அதன் முள் அசையாது. ஒரு குடம் நல்ல தண்ணீரில் ஒரு கரண்டி சாக்கடைத் தண்ணீரைக் கலந்து அளந்து பார்த்தால், மீட்டர் ஏறக்குறைய முன்பு காட்டிய எண்ணையே காட்டும். இந்தக் கருவியை நம்பிப் பலர் ஏமாறுவதைப் பார்த்து எனக்கு உண்மையிலேயே கவலையாக இருக்கிறது.

இந்தியத் தர நிறுவனத்தின் குடிநீர் விதி லிட்டருக்கு 500 மில்லி கிராம் உப்பை ஏற்கத்தக்க அளவு என்கிறது. வேறு நீராதாரம் இல்லையென்றால் 2000 வரை அனுமதிக்கிறது. அதே விதியில், 100 மில்லி லிட்டர் நீரில், மலம் கலந்திருக்கலாம் என்பதைக் காட்டும் கோலிஃபார்ம் கிருமி ஒன்றுகூடத் தென்படக் கூடாது என்றும், நைட்ரேட் 45 மில்லி கிராமைத் தாண்டக் கூடாது என்றும் இருக்கிறது. வாய்க்காலை ஒட்டிய கிணறுகளில் கவனிக்க வேண்டியவை இந்த இரண்டும்தான்.

கிருமிக்கு எளிய சோதனை ஒன்று உண்டு. 1982இல் இந்திய அறிவியலாளர்களே உருவாக்கியது. மருந்து தடவிய தாள் உள்ள சிறு பாட்டிலில் தண்ணீரை ஊற்றி, வீட்டின் வெதுவெதுப்பான மூலையில் ஒன்றிரண்டு நாள் வைத்தால், மலக்கிருமிகளோடு சேர்ந்து வாழும் பாக்டீரியாக்கள் வெளியிடும் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயுவால் நீர் கறுத்துப்போகும். கறுத்துவிட்டால் அந்த நீரைக் கொதிக்க வைக்காமல் குடிக்கவே கூடாது. கறுக்காவிட்டாலும், ஒரே ஒரு முறை பார்த்து நிம்மதியடைய வேண்டாம். மழை பெய்த மறுநாள் இன்னொரு முறை பாருங்கள். நைட்ரேட்டைக் கொதிக்க வைத்துப் போக்க முடியாது, நீர் சுண்டச் சுண்ட அது செறிவுதான் அடையும். வீட்டில் கைக்குழந்தை இருந்து, புட்டிப்பால் கலக்க இந்தத் தண்ணீரைப் பயன்படுத்துகிறீர்கள் என்றால் இன்றே நிறுத்திவிடுங்கள். குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் பொதுமக்களும் கட்டணம் கட்டித் தண்ணீரைச் சோதிக்கலாம். கிருமிச் சோதனைக்கு அவர்கள் தரும் தூய்மை செய்த பாட்டிலில்தான் பிடிக்க வேண்டும். ஐஸ் வைத்த பெட்டியில் அன்றே கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும்.

கேள்வி: வைகை நீர் பற்றிய செய்திகளில் பி.ஓ.டி. இவ்வளவு, ஆக்சிஜன் இவ்வளவு, 'சி' தரம், 'டி' தரம் என்றெல்லாம் எழுதுகிறார்கள். பாடப்புத்தக விளக்கம் மனத்தில் ஒட்டவில்லை. எளிமையாகச் சொல்ல முடியுமா?
– கல்லூரி மாணவர், கோரிப்பாளையம்

பதில்: இரவு சோற்றில் நீரூற்றி வைத்தால் காலையில் புளித்திருக்கிறது அல்லவா? சோற்றைத் தின்று கிருமிகள் பெருகியதன் அடையாளம் அது. ஆற்றில் சாக்கடை கலக்கும்போதும் அதேதான் நடக்கிறது. கழிவைத் தின்னும் பாக்டீரியாக்கள், நீரில் கரைந்துள்ள ஆக்சிஜனை மூச்சாக எடுத்துக்கொள்கின்றன. ஒரு லிட்டர் நீரில் உள்ள கழிவைத் தின்ன அவற்றுக்கு எத்தனை மில்லி கிராம் ஆக்சிஜன் வேண்டியிருக்கிறது என்பதே உயிர்வேதி ஆக்சிஜன் தேவை, அதாவது பி.ஓ.டி. மாதிரி நீரை 27 டிகிரி வெப்பத்தில் இருட்டில் 3 நாள் மூடி வைத்து, முன்னும் பின்னும் ஆக்சிஜனை அளந்து இதைக் கண்டுபிடிக்கிறோம்.

இனி எண்களைப் பாருங்கள். 25 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டர் நல்ல நீரில் கரையக்கூடிய ஆக்சிஜன் 8 மில்லி கிராமுக்குச் சற்று அதிகம். 30 டிகிரியில் அது ஏழரையாகக் குறைந்துவிடும். வீட்டுக் கழிவுநீரின் பி.ஓ.டி.யோ சாதாரணமாக 200ஐத் தொடும். அப்படியானால் ஒரு லிட்டர் சாக்கடையின் பசி தீர, ஏறக்குறைய 25 லிட்டர் நல்ல நீரில் உள்ள ஆக்சிஜன் முழுவதும் வேண்டும். ஓடும்போது காற்றிலிருந்து கொஞ்சம் ஆக்சிஜன் திரும்பச் சேரும் என்றாலும், சித்திரை வெயிலில் தேங்கிக் கிடக்கும் ஆற்றில் அந்த வரவு போதாது.

தரங்களை மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், நீரை எதற்குப் பயன்படுத்தலாம் என்பதைக் கொண்டு வகுத்திருக்கிறது. கிருமிநீக்கம் மட்டும் செய்து குடிக்கத்தக்க 'ஏ' தரத்துக்கு ஆக்சிஜன் 6 மில்லி கிராமுக்குக் குறையாமலும் பி.ஓ.டி. 2க்கு மிகாமலும் இருக்க வேண்டும். குளிக்கத்தக்க 'பி' தரத்துக்கு முறையே 5, 3. முழுச் சுத்திகரிப்புக்குப் பிறகு குடிக்கத்தக்க 'சி' தரத்துக்கு 4, 3. மீன்களுக்கான 'டி' தரத்துக்கும் ஆக்சிஜன் 4 வேண்டும். 'இ' தரம் பாசனத்துக்கு.

செய்தியில் வரும் எண்ணைப் படிக்கும்போது, மாதிரி எடுத்த தேதியைத் தேடிப் பாருங்கள். அதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். 1959இல் வைகை அணை கட்டப்பட்ட பிறகு, மதுரை நகருக்குள் ஆற்றில் நல்ல நீர் ஓடுவது பெரும்பாலும் அணை திறக்கும் நாட்களிலும் மழை நாட்களிலும்தான். அணை திறந்திருக்கும் வாரத்தில் எடுத்த மாதிரி நன்றாகவே இருக்கும், ஏனென்றால் வரும் வெள்ளம் சாக்கடையை நீர்த்துப்போகச் செய்துவிடுகிறது. கழிவு குறைந்துவிட்டது என்று அதற்குப் பொருள் இல்லை. அணை மூடியிருக்கும் மாதங்களில், அதே இடத்தில், அதே வாய்க்கால்கள் கொண்டுவரும் அதே கழிவு, தன்னந்தனியாக ஓடுகிறது. ஒரே படுகையில் இரண்டு ஆறுகள் மாறி மாறி ஓடுவதாகவே நான் கருதுகிறேன். இரண்டையும் தனித்தனியே அளந்து எழுதாத அறிக்கை பாதி அறிக்கைதான்.

கேள்வி: எங்கள் கண்மாய்க்குக் கிருதுமால் நதியிலிருந்துதான் வரத்து. நெல் கருகருவென்று பச்சை கட்டி வளர்கிறது, ஆனால் சாய்ந்துவிடுகிறது, கதிரில் பதர் அதிகம். வயலில் இறங்கினால் கால் அரிக்கிறது. போன மாதம் ஒருநாள் விடியற்காலையில் கண்மாயில் மீன்கள் வாயைப் பிளந்துகொண்டு மேலே வந்து, பொழுது ஏறுவதற்குள் நூற்றுக்கணக்கில் மிதந்தன. யாரோ விஷம் வைத்துவிட்டார்கள் என்று ஊரில் சண்டையாகிவிட்டது. உண்மையில் என்ன நடந்திருக்கும்?
– விவசாயி, மதுரைக்குத் தெற்கே ஒரு கிராமம்

பதில்: ஊரில் சண்டை வேண்டாம் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் குறிப்பிட்டிருக்கும் நேரமே விடையைச் சொல்கிறது. துவரிமான் பக்கம் தொடங்கி மதுரை நகருக்குள் புகுந்து, பல கண்மாய்களுக்கு நீர் கொடுத்துக் குண்டாற்றை நோக்கிப் போகும் கிருதுமால், நகரைத் தாண்டும்போது பெருமளவு கழிவுநீரைச் சுமந்து வருகிறது. அதில் உள்ள தழைச்சத்தும் (நைட்ரஜன்) மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) கண்மாய்க்கு எரு போட்டது போல வேலை செய்ய, தண்ணீர் பச்சை பூத்துப்போகிறது. பகலில் இந்தப் பாசி வெயிலைக் கொண்டு ஆக்சிஜனை வெளியிடும். இரவில் வெளியிடாது; அதுவும் மீனைப் போலவே ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும். அடிச்சேற்றில் கழிவைத் தின்னும் கிருமிகளும் எடுத்துக்கொள்ளும். இப்படி இரவு முழுவதும் செலவாகி, விடியலுக்குச் சற்று முன்னால் ஆக்சிஜன் மிகக் குறைவாக இருக்கும். முந்தைய நாள் மேகமூட்டமாக இருந்திருந்தால் இன்னும் மோசம். மீன்கள் மேல்பரப்புக்கு வந்து வாயைப் பிளப்பது மூச்சுக்காகத்தான். விஷம் வைத்திருந்தால் சாவு எந்த நேரத்திலும் தொடங்கும், தவளையும் நத்தையும் சேர்ந்தே சாகும், மீன்கள் சுற்றிச் சுழன்று துள்ளும். உங்கள் கண்மாயில் பெரிய மீன்கள் முதலில் செத்து, காற்றையே நேராகச் சுவாசிக்கக்கூடிய விராலும் தேளியும் பிழைத்திருந்தால், மூச்சுத் திணறல்தான் காரணம் என்று ஏறக்குறைய உறுதியாகச் சொல்லலாம். அடுத்த முறை சோதிக்க வருபவர்களை நண்பகலில் வரச் சொல்லாதீர்கள். காலை ஐந்து மணிக்கு மடையருகே அளக்கச் சொல்லுங்கள். நண்பகலில் அளந்தால் இதே தண்ணீரின் ஆக்சிஜன் 'ஏ' தரத்துக்குரிய அளவைக் காட்டினாலும் வியப்பதற்கில்லை.

நெல்லுக்கு வருவோம். தழைச்சத்து மிகுந்தால் பயிர் இலையும் தண்டுமாக வளர்ந்து, தண்டு வலுவிழந்து சாயும். கதிர் சரியாகப் பால் பிடிக்காது. குலைநோயும் எளிதில் தாக்கும். வேளாண்மைத் துறையின் மண் பரிசோதனை நிலையத்தில் மண்ணோடு சேர்த்துப் பாசன நீரையும் பார்த்துத் தருவார்கள். தண்ணீரிலேயே எவ்வளவு தழைச்சத்து வருகிறது என்று தெரிந்துகொண்டு, மேலுரமாகப் போடும் யூரியாவைக் குறைத்துவிடுங்கள். பழக்கத்தின் காரணமாக வழக்கமான அளவைப் போடுவதால்தான் பாதிக் கெடுதல். கரைந்துள்ள உப்பைக் காட்டும் மின்கடத்தும் திறன் சென்டிமீட்டருக்கு 2250 மைக்ரோ சீமென்ஸைத் தாண்டினால் அந்த நீர் பாசனத்துக்கான எல்லையைக் கடந்துவிட்டது என்று பொருள். வயலில் இறங்குபவர்கள், குறிப்பாக நாற்று நடும் பெண்கள், முழங்கால் வரை ரப்பர் காலணி அணிவதும் கரை ஏறியதும் சோப்புப் போட்டுக் கழுவுவதும் அவசியம். கொத்தமல்லி, வெள்ளரி போன்று பச்சையாகத் தின்னும் எதையும் இந்த நீரில் விளைவிக்க வேண்டாம். நகரத்தின் கழிவுக்கு உங்கள் வயலும் உங்கள் காலும் வடிகட்டியாக இருக்க வேண்டும் என்று எந்த நியாயமும் இல்லை. இதை நீங்கள் உரக்கச் சொல்வதில் தவறே கிடையாது.

கேள்வி: பந்தல்குடி வாய்க்கால் கலக்கும் இடத்துக்குக் கீழே தடுப்பணையில் வெண்ணுரை பொங்குகிறது. இரசாயன ஆலைக் கழிவா? – செல்லூர்
கேள்வி: எங்கள் தோட்டத்து ஊற்று வாய்க்காலில் செம்மண் நிறப் படிவும், மேலே எண்ணெய்ப் படலம் போல வானவில் நிறமும் தெரிகின்றன. யாரோ டீசல் கொட்டுகிறார்களா? – வாடிப்பட்டி

பதில்: இரண்டும் கண்ணால் பார்த்தே பெரும்பாலும் பிரித்தறியக் கூடியவை. செல்லூர்க் கண்மாயின் உபரி நீரை வைகைக்குக் கொண்டுசேர்க்க வேண்டிய வாய்க்கால் பந்தல்குடி. இன்று அதில் வருவது பெரும்பாலும் வீட்டுக் கழிவுநீர். அதில் உள்ள துணி சோப்புத் தூளும் பாத்திரச் சோப்பும், உயரத்திலிருந்து நீர் விழும் இடத்தில் காற்றோடு கலந்து நுரைக்கின்றன. ஆலை வேண்டியதில்லை, ஆயிரம் வீடுகள் போதும். காட்டோடையில்கூட இலை தழை மக்கிய நீர் நுரைப்பது உண்டு. அந்த நுரை பழுப்பேறியிருக்கும், மண்வாசனை அடிக்கும், கையில் எடுத்தால் சீக்கிரம் அடங்கிவிடும். வெள்ளை வெளேரென்று, சோப்பு மணத்தோடு, காற்றில் பறந்து சாலைக்கு வரும் அளவு நிலைத்து நிற்பது சோப்பு நுரை.

வாடிப்பட்டி வாசகர் ஒரு குச்சியை எடுத்து அந்தப் படலத்தைக் குத்திப் பாருங்கள். கண்ணாடி போலத் துண்டு துண்டாக உடைந்து, உடைந்தபடியே மிதந்தால் அது இரும்பைத் தின்று வாழும் பாக்டீரியாவின் வேலை. செம்மண் நிறப் படிவும் அதனுடையதே. பயப்பட ஒன்றுமில்லை. குச்சியை எடுத்ததும் சுழன்று மறுபடி ஒன்றுசேர்ந்துகொண்டால் அது எண்ணெய்.

கேள்வி: எங்கள் ஊர் ஓடையில் வாரத்தில் இரண்டு மூன்று நாள் அதிகாலையில் கறுப்பு நீர் வருகிறது. புகார் கொடுத்தோம். அதிகாரிகள் பகல் பதினொரு மணிக்கு வந்து மாதிரி எடுத்தார்கள். எல்லாம் அளவுக்குள் இருப்பதாக அறிக்கை வந்தது. எங்களைப் பொய்யர்களாக்கிவிட்டார்கள். என்ன செய்வது?
– இளைஞர் மன்றத்தினர், அலங்காநல்லூர் வட்டாரம்

பதில்: உங்களைப் பொய்யர்கள் என்று அந்த அறிக்கை சொல்லவில்லை, பதினொரு மணி நீர் நன்றாக இருந்தது என்று மட்டுமே சொல்கிறது. ஆகவே நீங்கள் சேர்க்க வேண்டியது நேரத்தை.

கறுப்பு நீர் வரும் ஒவ்வொரு முறையும் தேதி, தொடங்கிய மணி, முடிந்த மணி, வாடை, நிறம், மழை உண்டா இல்லையா என்பதை ஒரே நோட்டில் எழுதுங்கள். பிறகு ஓட்டத்தின் வேகத்தைக் கண்டுபிடியுங்கள். நேராக ஓடும் இடத்தில் 20 மீட்டர் அளந்து, ஓர் எலுமிச்சம்பழத்தை மிதக்கவிட்டு எத்தனை நொடி ஆகிறது என்று பாருங்கள். 40 நொடி என்றால் நொடிக்கு அரை மீட்டர். மேல்பரப்பு நீர் சற்று வேகமாக ஓடும் என்பதால் ஐந்தில் ஒரு பங்கைக் கழித்துவிட்டால் 0.4 மீட்டர், அதாவது மணிக்கு ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீட்டர். காலை 6 மணிக்கு நீங்கள் பார்க்கும் கறுப்பு நீர், 6 கிலோமீட்டர் மேலே ஓர் இடத்திலிருந்து கிளம்பியிருந்தால், அங்கே அது திறந்துவிடப்பட்டது இரவு 2 மணிக்கு. பதினொரு மணிக்கு வந்தவர்களுக்கு அது எப்படித் தெரியும்?

அடுத்து, ஓடை வழியே மேல்நோக்கி நடந்து, ஒவ்வொரு வாய்க்காலும் வந்து கலக்கும் இடத்தில் நின்று, கலப்பதற்கு மேலேயும் கீழேயும் கல்லைப் புரட்டிப் பாருங்கள். மேலே மேஃப்ளையும் கீழே சிவப்புப் புழுவும் இருக்கும் இடம் எதுவோ, அதுதான் நீங்கள் தேடும் இடம். இரவில் திறந்து பகலில் மூடினாலும் பூச்சிகள் திரும்பி வந்துவிடுவதில்லை. வாடையும் துணை செய்யும். புழுங்கல் அரிசி ஆலையின் ஊறல் நீர் வெதுவெதுப்பாக, புளித்த வாடையோடு வரும். சாயக் கழிவில் நிறமும் உப்பும் மிகுதி, டி.டி.எஸ். மீட்டர் உண்மையில் பயன்படும் இடம் இதுதான்; அழுகிய முட்டை வாடை என்றால் ஆக்சிஜன் தீர்ந்துபோன தேக்கம் எங்கோ உடைத்துவிடப்பட்டிருக்கிறது. யாருடைய வளாகத்துக்குள்ளும் நுழையாதீர்கள். இரவில் தனியாகப் போகாதீர்கள்.

நீங்கள் பாட்டிலில் பிடித்து வைத்த நீர் நீதிமன்றத்தில் செல்லாது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். 1974ஆம் ஆண்டின் நீர் மாசுத் தடுப்புச் சட்டத்தின் 21ஆம் பிரிவின்படி, வாரிய அலுவலர் ஆலை உரிமையாளருக்குத் தெரிவித்து, அவர் முன்னிலையில் மாதிரி எடுத்து, இரண்டு பாகமாகப் பிரித்து, முத்திரையிட்டுக் கையொப்பம் பெற்று அனுப்பினால்தான் அது சான்று. ஆனால் அந்த அலுவலர் எந்த நாளில், எந்த மணியில், எந்த வாய்க்காலின் வாயில் நிற்க வேண்டும் என்பதை உங்கள் நோட்டு சொல்லும். இரண்டு மாதக் குறிப்பை நகலெடுத்து மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்திலும் ஆட்சியரின் திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்திலும் கொடுத்து, இரவு மாதிரி எடுக்க வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள்.

கேள்வி: எனக்கு வயது 78. சிறுவனாக இருந்தபோது என் அப்பத்தா வைகை மணலில் முழங்கை ஆழம் தோண்டி, ஊறிவரும் தண்ணீரைச் சிரட்டையால் மொண்டு குடத்தில் ஊற்றியதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். அந்தத் தண்ணீரின் ருசி இன்னும் நாக்கில் இருக்கிறது. என் பேரனுக்கு அப்படி ஓர் ஊற்றைக் காட்ட முடியுமா?
– முதியவர், திருப்புவனம்

பதில்: ஐயா, தங்கள் அப்பத்தா குடித்தது தேர்ந்த வடிகட்டியில் வந்த நீர். ஆற்று மணலின் துகள்களைச் சுற்றி மெல்லிய உயிர்ப்படலம் ஒன்று இருக்கும். நீர் மணலுக்குள் மெதுவாக ஊடுருவி வரும்போது, அந்தப் படலத்தில் உள்ள நுண்ணுயிர்கள் அழுக்கையும் கிருமிகளையும் பிடித்துத் தின்றுவிடுகின்றன. பல மீட்டர் கனத்துக்கு மணலும், மேலே சுமக்க முடிந்த அளவு அழுக்கும் மட்டும் இருந்தவரை இந்த ஏற்பாடு நன்றாகவே நடந்தது. மதுரைக்கு நீண்ட காலம் தண்ணீர் கொடுத்த ஆற்றுப்படுகை உறைகிணறுகளும் இதே மணலை நம்பியே தோண்டப்பட்டன.

மணலை அள்ளிக் களிமண்ணும் பாறையும் தெரிய விட்ட இடங்களில் ஊற்றும் போய்விட்டது. மணல் எஞ்சியிருக்கும் இடங்களிலும், நகருக்குக் கீழே, மேலே ஓடுவது கழிவுநீர் என்பதால் மணலின் துளைகள் கறுப்புச் சேற்றால் அடைபட்டு, உள்ளே ஆக்சிஜன் இல்லாமல் போகிறது. தோண்டினால் ஊறும் நீர் தெளிவாகத்தான் இருக்கும், அதுதான் ஆபத்து. உப்பும் நைட்ரேட்டும் மணலில் தங்குவதில்லை. மிக நுண்ணிய கிருமிகளும் தப்பி வந்துவிடலாம். ஆகவே திருப்புவனத்துக்கு எதிரே உள்ள படுகையில் தோண்டிப் பேரனுக்குக் கொடுப்பதை நான் ஏற்க மாட்டேன்.

ஆனால் காட்ட முடியும். நகருக்கு மேற்கே, சோழவந்தானுக்கும் மேலே, மணல் இன்னும் கிடக்கும் பகுதிகளில், அணைத் தண்ணீர் வந்து வடிந்து பத்து நாள் கழித்துப் போங்கள். ஓரத்தில் வாய்க்கால் எதுவும் கலக்காத இடமாகப் பார்த்துத் தோண்டி, முதலில் ஊறுவதை இரண்டு முறை இறைத்து வெளியே ஊற்றிவிட்டு, மூன்றாவதாக ஊறுவதைச் சிரட்டையில் மொண்டு காட்டுங்கள். கையோடு வில்லாபுரம் வாசகிக்குச் சொன்ன அந்தச் சிறு பாட்டிலில் கொஞ்சம் பிடித்துக்கொண்டு வந்து, பேரனிடமே கொடுத்து, இரண்டு நாள் ஜன்னலோரம் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். கறுக்கிறதா இல்லையா என்பதை எனக்கு எழுதுங்கள். எந்த இடத்தில், எந்தத் தேதியில் தோண்டினீர்கள் என்பதையும் சேர்த்து.